செவ்வரத்தைக்குக் காய் எங்கே?

மகளின் கொப்பியில் ஒரு செவ்வரத்தைப் பூ இருந்தது. சிவப்புப் பென்சிலால் வடிவாகத் தீட்டி, அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்து, அல்லி, புல்லி, கேசரம், குறி, தம்பம், சூலகம் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். டீச்சர் சரி போட்டு ஒரு நட்சத்திரமும் கொடுத்திருந்தார். அடுத்த பக்கத்தில் தாவரத்தின் வாழ்க்கை வட்டம்: வித்து, நாற்று, செடி, பூ, காய், திரும்பவும் வித்து. இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "அம்மா, கீழ நிக்கிற செவ்வரத்தையில காய் எங்க?"

நான் குசினியில் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டு நின்றேன். "அது காய்க்கிறேல்ல பிள்ளை" என்றேன். "அப்ப ஏன் வட்டத்தில காய் போட்டிருக்கு?" என்றாள். பதில் என் கையிலேயே இருந்தது, ஆனால் அது எனக்கு விளங்க இன்னும் இரண்டு கிழமை எடுத்தது.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள் இல்லை, ஒரு கம்பனியில் கணக்குப் பார்க்கிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் வீடு. தோட்டம் என்று சொல்ல இருப்பது ஆறடிப் பல்கனி ஒன்று, அதிலும் பாதியில் உடுப்புக் காய்கிறது. அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் கட்டடத்திலுள்ள பிள்ளைகள் ஆறு பேரை, 7 வயதிலிருந்து 11 வயது வரை, சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் கூப்பிட்டு வைத்து நடத்திப் பார்த்தேன். ரியூஷன் இல்லை, காசும் இல்லை. ஒரு தவணை என்று நினைத்துத் தொடங்கி நாலு மாதத்துக்கு மேல் போனது. பல்கனியும் நாலைந்து பூச்சாடிகளும் இருக்கிற யாராவது செய்ய நினைத்தால், நான் விழுந்த பள்ளத்திலேயே நீங்களும் விழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் சனிக்கிழமையே சறுக்கியது. கீழே நிற்கும் செவ்வரத்தையில் இருந்த பூவெல்லாம் விடிய ஆறு மணிக்கே யாரோ சாமிக்குப் பிடுங்கிவிட்டார்கள். அவசரத்துக்குத் தெகிவளையில் இருக்கிற அக்கா வீட்டிலிருந்து ஆறு பூ வாங்கி வந்தேன், பெரிய, வடிவான பூக்கள். மேசையில் வைத்து, மகரந்தத்தைச் சுமக்கிற கேசரத்தைத் தேடினால் கேசரம் இல்லை. நடுவிலும் இதழ், அதற்குள்ளும் இதழ், கசக்கிப் போட்ட சிவப்புக் கடதாசி மாதிரி. அது அடுக்குச் செவ்வரத்தை. அடுக்குப் பூக்களில் கேசரங்கள் பெரும்பாலும் இதழாக மாறிப் போயிருக்கும், சில இதழின் விளிம்பில் மட்டும் மஞ்சள் பொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு காலத்தில் தான் கேசரமாக இருந்ததைச் சொல்லிக்கொண்டு. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் முழுசிக்கொண்டு நிற்க, பிள்ளைகள் இதழைப் பிய்த்து ஆளுக்கு ஆள் எறிந்து விளையாடிவிட்டுப் போனார்கள். ஆகவே முதல் வேலை, ஐந்தே இதழ் உள்ள ஒற்றைச் செவ்வரத்தையைத் தேடிப் பிடியுங்கள், முடிந்தால் இரண்டு பூ கூடுதலாக. செவ்வரத்தை விரிந்தால் பெரும்பாலும் ஒரு நாள்தான் தாங்கும், வெள்ளிக்கிழமை பின்னேரமே பிடுங்கி வைக்கலாம் என்று நினைத்தால் சனிக்கிழமை விடிய சுருண்டு கிடக்கும்.

அடுத்த கிழமை ஒற்றைப் பூ கிடைத்தது. ஆளுக்கு ஒரு பூ, ஆளுக்கு ஒரு கறுப்பு மட்டை. வெள்ளைக் கடதாசியில் மஞ்சள் மகரந்தம் அவ்வளவாகத் தெரியாது, கறுப்பில் கொட்டினால் தெளிவாகத் தெரியும். வெளியிலிருந்து உள்ளே போவது என்று ஒரு சட்டம் மட்டும் சொன்னேன். பெயர் ஒன்றும் சொல்லவில்லை, கழற்றிக் கழற்றி மட்டையில் வரிசையாக அடுக்குங்கோ என்றேன்.

முதல் பிரச்சினையே வெளியில். பச்சைக் கிண்ணம் மாதிரிப் புல்லி, சரி. அதற்கும் வெளியே ஈர்க்கு ஈர்க்காக இன்னொரு பச்சை வட்டம் இருக்கிறது. "அன்ரி, இது கொப்பியில இல்லையே?" இல்லைதான். அதற்குப் புறப்புல்லி என்று பெயர், செவ்வரத்தைக் குடும்பத்தில் நிறையச் செடிகளில் உண்டு. மகளின் கொப்பிப் படத்தில் அதை விட்டுவிட்டார்கள். அப்படி விட்டது பிழை என்று சொல்லமாட்டேன், ஆனால் படத்தில் இல்லாத ஒன்றைத் தானே கண்டுபிடித்ததும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு அவள் எதையும் படத்தோடு ஒத்துப்பார்க்காமல் விடுவதில்லை.

இதழ்களைக் கழற்றினால் நடுவில் ஒரு நீளக் குழாய் நிற்கும். அதைச் சுற்றிக் கேசரங்கள். மூன்றாம் மாடிப் பையன் அவற்றுக்கு நெருப்புக்குச்சி என்று பெயர் வைத்தான், மெல்லிய காம்பும் நுனியில் ஒரு மஞ்சள் மருந்தும் இருந்தால் வேறென்ன. குழாயின் உச்சியில் பஞ்சு மாதிரி ஐந்து சிவப்புப் பொட்டு. இந்த இடத்தில்தான் படம் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. படத்தைப் பார்த்தால் கேசரங்கள் தம்பத்திலேயே முளைத்த மாதிரி இருக்கும். உண்மையில் அந்தக் குழாய் கேசரங்களின் இழைகள் எல்லாம் ஒட்டிச் சேர்ந்து உண்டானது. குண்டூசியால் குழாயை மேலிருந்து கீழே மெதுவாகக் கிழித்துப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக ஒரு மெல்லிய நூல் ஓடும், அதுதான் தம்பம். குழாயைத் தொடாமல் தனியாகக் கீழே போய் ஒரு சின்னப் பச்சை மணியில் முடியும். அந்த மணி சூலகம். 11 வயதுக்காரி ஒருத்திதான் நூல் அறாமல் கிழித்தாள், மற்ற ஐந்து பேருக்கும் அறுந்தது. கூடுதலாக இரண்டு பூ என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

சூலகத்தைக் குறுக்கே வெட்டியது நான். பிளேட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை, 11 வயதுக்கும் கொடுக்கவில்லை. வெட்டியதைக் கைவில்லைக்குக் கீழே வைத்தால் ஐந்து அறை, ஒவ்வொரு அறையிலும் சீனி மணியை விடச் சின்னதாக வெள்ளை வெள்ளையாக ஏதோ. எதிர்வீட்டுச் சின்னவள் பார்த்துவிட்டு, "ஒரு மாடியில அஞ்சு வீடு" என்றாள். ஃபிளாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை.

எல்லாவற்றையும் மட்டையில் அடுக்கி முடித்த பிறகுதான் பெயர்களைச் சொன்னேன், அதுவும் அவர்கள் வைத்த பெயருக்குப் பக்கத்தில். சிவப்பு இதழ் அல்லி. நெருப்புக்குச்சி முழுக்கக் கேசரம், அதன் மருந்து மகரந்தக்கூடு, குச்சி இழை. பஞ்சுப் பொட்டுக் குறி. ஐந்து வீட்டு மாடி சூலகம், உள்ளே இருக்கிறவர்கள் சூல்வித்துகள். பெயரை முதலில் கொடுத்தால் பிள்ளை பெயரைத்தான் தேடுகிறது, பூவைப் பார்ப்பதில்லை. இது என் கருத்து, டீச்சர்மார் ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம்.

அன்றைக்கு மதியத்துக்கு வெண்டிக்காய்ப் பால்கறி. வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டு போகும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஐந்து அறை, ஒவ்வொன்றிலும் வெள்ளை மணி. ஒரு வட்டத்தை எடுத்து, மேசையில் இன்னும் கிடந்த சூலகத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்து மகளைக் கூப்பிட்டேன். அவள் கைவில்லையை அங்கும் இங்கும் இரண்டு தரம் நகர்த்திவிட்டு, "இது அதுன்ர அக்காவோ?" என்றாள். அக்காவோ தங்கையோ, ஒரே குடும்பம்தான். செவ்வரத்தை, வெண்டி, பருத்தி, பூவரசு எல்லாம் ஒரு குடும்பம், இப்போதைய வகைப்பாட்டில் கொக்கோவும் அதில்தான் வருகிறது. (கொக்கோவைச் சொன்னதும் ஆறு பேருக்கும் அந்தக் குடும்பத்தின் மேல் ஒரு தனி மரியாதை வந்தது.)

நம் வீட்டு வாசல்களில் நிற்கிற செவ்வரத்தைகள் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகத் தடி வெட்டி நட்டு வந்தவை, அவற்றில் காய் பிடிப்பது மிக அரிது. பூவின் பகுதிகளைக் காட்ட அதைவிட நல்ல பூ கிடையாது, வாழ்க்கை வட்டத்தைக் காட்ட அதைவிட மோசமான பூவும் கிடையாது. பூ என்பது காயாகப் போகிற வழியில் ஓரிடம் என்பது செவ்வரத்தையை மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு விளங்கவே விளங்காது. அதற்கு வெண்டி வேண்டும். அதே மாதிரிப் பூ, மஞ்சள் நிறம், அடியில் கருஞ்சிவப்பு, கண்ணுக்கு முன்னால் காயாகும், அந்தக் காய் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த காய். விதை போட்டு, பூத்து, காய்த்து, காய்ந்து, திரும்ப விதை கைக்கு வரக் கிட்டத்தட்ட மூன்று மாதம்.

வெண்டி விதைக்க முன்னால் ஒரு கிழமை, வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு விதை கொண்டுவரச் சொன்னேன். என்ன கொண்டுவந்தாலும் சரி என்று முடிவு செய்திருந்தேன். பயறு வந்தது, கொத்தமல்லி வந்தது, ஒருத்தி மைசூர்ப் பருப்புக் கொண்டுவந்தாள். நெருப்புக்குச்சிப் பையன் காலிமுகத்திடலில் வாங்கிய கச்சானில் நாலைந்தை மிச்சம் பிடித்துக் கொண்டுவந்தான். எல்லாவற்றையும் கண்ணாடிப் போத்தல்களில், சுவரோடு ஒட்டினாற்போல் ஈர டிஷ்யூவுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்தோம். பயறு இரண்டாம் நாளே வெள்ளையாக முளைவேர் விட்டது. மைசூர்ப் பருப்பு நன்றாக ஊதியது, நாலாம் நாள் நாறியது. கச்சானில் பூஞ்சணம் பிடித்தது. பையன் தினமும் பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் தட்டி, "அன்ரி, என்ர கச்சான்?" என்று கேட்பான். ஒன்பது நாள் தண்ணீர் விட்டான். நான் முதலே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, ஆனால் ஒன்பது நாள் விட்டது கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று இப்போதும் நினைக்கிறேன். ஏழு வயசுப் பிள்ளைக்கு நாலு நாள் போதும்.

அதன் பிறகு ஒரு கச்சான் பருப்பை இரண்டாகப் பிளந்து காட்டினேன். நீங்களும் அடுத்த தடவை சாப்பிடுமுன் பாருங்கள். ஒரு பாதியின் நுனியில் குருவி மூக்கு மாதிரி ஒரு சின்னத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தட்டினால் விழும். அதுதான் குட்டிச் செடி. கூர்ந்து பார்த்தால் மூக்குக்குப் பின்னால் மடித்து வைத்த இரண்டு இலை கூடத் தெரியும். மூக்கு வேராகும், இலை மேலே வரும், மிச்ச இரண்டு பெரிய பாதியும் அது மண்ணில் காலூன்றும் வரைக்கும் சாப்பிடக் கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சல், அதாவது வித்திலை. வறுத்தால் அந்த மூக்குச் செத்துவிடும். தோல் நீக்கி உடைத்த பருப்பில் மூக்கு ஒன்றில் விழுந்துபோயிருக்கும், அல்லது ஒரு பாதியோடு போயிருக்கும், எப்படியும் பிழைக்காது. பையன் கையிலிருந்த பிளந்த கச்சானையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நான் எத்தினை செடி சாப்பிட்டிருப்பன்" என்றான்.

அவனுக்காகப் புறக்கோட்டையில் வறுக்காத பச்சைக் கச்சான் வாங்கி வந்து ஒரு சாடியில் ஊன்றினோம். அது வந்தது. ஒரு மாதத்தில் சின்ன மஞ்சள் பூ. பூ வாடிய பிறகு அந்த இடத்திலிருந்து ஒரு தண்டு கீழ்நோக்கி நீண்டு, மண்ணைக் குத்திக்கொண்டு உள்ளே போனதை அவன்தான் முதலில் கண்டான். கச்சான் பூப்பது வெளியே, காய்ப்பது மண்ணுக்குள்ளே. அது வேர் இல்லை, பூவிலிருந்து போன காம்பு, நுனியில் சூலகத்தைச் சுமந்துகொண்டு போகிறது. கடைசியில் ஏழு காய் கிடைத்தது, அதில் இரண்டு பொக்கு.

போத்தல் வேலையில் இன்னொன்று. தண்ணீர் கூடினால் நல்ல விதையும் அழுகும். விதை மூச்சு விடுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், ஒரு போத்தலில் பயறு மூழ்கத் தண்ணீர் விட்டு மூடி, மற்றதில் டிஷ்யூ நனைய மட்டும் விட்டுப் பக்கத்தில் வைத்தால் நாலைந்து நாளில் மூக்கே சொல்லிவிடும். இந்தத் தடவை என் மூக்கு.

வெண்டி விதையை முதல் நாள் இரவு ஊறப்போட்டுக் காலையில் ஊன்றினோம், சாடிக்கு இரண்டு. பைக்கற் விதைகளில் சிலவற்றுக்கு மருந்து பூசி நிறம் ஏற்றியிருப்பார்கள், சிவப்பு, நீலம் என்று மிட்டாய் மாதிரி இருக்கும், சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் கவனம், தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். ஐந்தாம் நாள் முளைத்தது, ஆறாம் நாள் காகம் இரண்டைப் பிடுங்கி எறிந்தது, தின்னவும் இல்லை, சும்மா. கொழும்புக் காகத்துக்கு விளக்கம் சொல்ல முடியாது, பழைய யன்னல் சீலை வலையைச் சுற்றிக் கட்டினோம். சாடிக்குக் கீழே வைக்கிற தட்டு பெரிய விஷயம். டெங்குக்காலத்தில் அதில் தேங்குகிற தண்ணீரைக் கண்டால் கட்டட நிர்வாகத்தார் மட்டுமல்ல, பக்கத்து வீடும் விடாது, விடவும் கூடாது. தட்டில் மணல் நிரப்பி வைத்தோம். இரண்டு நாளைக்கு ஒருமுறை பார்ப்பது ஒருத்தியின் பொறுப்பு.

பிறகு வந்தது அலுப்பு. முளைத்ததற்கும் பூப்பதற்கும் நடுவில் ஆறு கிழமைக்குக் கிட்ட ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், இலை வரும், இன்னொரு இலை வரும். மூன்றாம் கிழமை இரண்டு பேர் வரவில்லை. எங்களைக் காப்பாற்றியது இரண்டு விஷயம். ஒன்று நூல். ஒவ்வொரு சனிக்கிழமையும் செடியின் உயரத்துக்கு ஒரு கம்பளி நூலை வெட்டி, மட்டையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினோம். நாலு நூல் ஒட்டிய பிறகு அது தானாகவே ஒரு வரைபடமாகி நின்றது, அளவுகோலும் இல்லை, எண்ணும் இல்லை.

மற்றது குசினி. பூ என்றால் பூக்கடையில் இருப்பது என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு, நாம் தினமும் எத்தனை பூச் சாப்பிடுகிறோம் என்று காட்ட அந்தக் கிழமைகளைப் பயன்படுத்தினேன். பூக்கோவா, முருங்கைப்பூ, வாழைப்பொத்தி. பொத்தியின் மடலைத் தூக்கினால் சீப்பாகப் பூ இருக்கும், ஒவ்வொன்றின் நடுவிலும் வேகாத நரம்பு ஒன்று இருக்கிறதே, நாம் இழுத்து எறிகிறது, நுனி உருண்டையாக, அது தம்பமும் குறியும். ஆனால் எல்லாரையும் வாயடைக்க வைத்தது கராம்பு. இறைச்சிக் கறிக்குப் போடுகிற அதே கராம்பு. ஒரு கராம்பை வெந்நீரில் அரை மணி ஊறவிட்டு எடுங்கள். தலையில் நாலு பல் மாதிரி விரிந்திருப்பது புல்லி, அதன் நடுவில் உருண்டையாக இருப்பது இன்னும் விரியாத நாலு அல்லி. அந்த உருண்டையைக் குண்டூசியால் மெல்லத் தூக்கினால் மூடி மாதிரிக் கழன்று வரும், உள்ளே கேசரங்கள் சுருண்டு நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும், நடுவில் தம்பம் நிற்கும். விரிய முன்னாலேயே பிடுங்கிக் காய வைத்த மொட்டு அது. பிள்ளைகள் அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாமாரின் கராம்புப் போத்தலைக் காலி பண்ணிவிட்டதாகப் பிறகு எனக்கு முறைப்பாடு வந்தது. விலையும் கொஞ்சமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தேழாம் நாள் முதல் வெண்டிப்பூ. செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட நாள். விடிய ஆறரைக்குக் கண்டேன், கதவு கதவாகத் தட்டினேன், வெள்ளை யூனிபோமில் நாலு பேர் பாதிப் பாணோடு ஓடிவந்தார்கள். மற்ற இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு இரண்டரைக்கு வந்தபோது பூ மூடிக்கொண்டிருந்தது. ஆனால் வெண்டி ஒவ்வொன்றாக அடுத்தடுத்துப் பூக்கும், அழ வேண்டியதில்லை. முதல் நாள் பின்னேரமே மொட்டின் நுனியில் மஞ்சள் எட்டிப் பார்க்கும், அதைக் கண்டால் நாளைக்கு விரியும் என்று ஆட்களுக்குச் சொல்லி வைக்கலாம்.

அதற்கடுத்த நாள்தான் நான் இந்த நாலு மாதத்தில் கண்ட மிக நல்ல காட்சி. இதழ்கள் ஈரச் சீலை மாதிரிச் சுருங்கித் தொங்கின. மகள் நுனி விரலால் பிடித்துச் சும்மா இழுத்தாள், இதழும் கேசரக் குழாயும் ஒன்றாக ஒட்டினபடியே, தலையிலிருந்து தொப்பி கழன்ற மாதிரி வந்தது. உள்ளே கூரான, ரோமம் படர்ந்த, ஐந்து மூலை வைத்த ஒரு பச்சைப் பிஞ்சு, அரை அங்குலம் கூட இல்லை, ஆனால் முழு வெண்டிக்காய். யாருக்கும் எதுவும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் நாள் என் விரல் நீளம். (செடியில் சுணை இருக்கிறது, சில பிள்ளைகளுக்குக் கை அரிக்கும், நீளக் கைச் சட்டை நல்லது.)

பூசணியில்தான் மானம் போனது. பிள்ளைகள் கேட்டார்கள் என்று கறிக்கு வெட்டிய பூசணியின் விதையை ஊன்றினோம், கொடி பல்கனிக் கம்பி முழுக்கப் படர்ந்தது, பெரிய மஞ்சள் பூக்கள் பூத்தன, எல்லாம் உதிர்ந்தன. எனக்குக் காரணம் தெரியவில்லை. யாழ்ப்பாணத்திலிருக்கிற மாமிக்கு ஃபோன் எடுத்தேன். "பூவுக்குக் கீழ குஞ்சுப் பூசணி இருக்கோ எண்டு பார் பிள்ளை. இல்லாட்டி அது ஆண்பூ, அது விழத்தானே வேணும்" என்றார். பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு, ஆண்பூ பெரும்பாலும் முதலில் வரும். ஒரு கிழமைக்குப் பிறகு பெண்பூவும் வந்தது, கீழே குண்டுமணி மாதிரிப் பிஞ்சோடு, அதுவும் மஞ்சளாகி விழுந்தது. திரும்ப ஃபோன். "உங்க வண்டு வருதோ?" என்றார். நாலாம் மாடியில் கடற்காற்றில் வண்டை நான் கண்டதேயில்லை. அப்புறம் அவர் சொன்னபடி, காலையில் எட்டு மணிக்கு முன்னால் ஒரு ஆண்பூவைப் பிடுங்கி, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவின் குறியில் மெதுவாகத் தடவினோம். மூன்று பூவுக்குச் செய்து ஒன்று பிடித்தது, தேங்காயளவுக்கு வந்தது. மகரந்தச் சேர்க்கை என்ற சொல்லை அந்தக் காலையில் நான் சொல்லவே இல்லை, அவர்களாகவே சொன்னார்கள். அப்போது 11 வயதுக்காரி கேட்டாள், "அப்ப வெண்டிக்கு ஏன் நாங்க தடவேல்ல?" நல்ல கேள்வி. வெண்டிப்பூவில் இரண்டும் ஒரே பூவுக்குள் இருக்கின்றன, கேசரங்கள் குறியோடு உரசியபடி நிற்கின்றன, வண்டு வராவிட்டாலும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் யூடியூபில் இந்தியத் தமிழ் வீடியோக்கள் பார்க்கிறார்கள். அங்கே கேசரம் மகரந்தத்தாள், மகரந்தக்கூடு மகரந்தப்பை, குறி சூல்முடி, தம்பம் சூல்தண்டு. இதெல்லாம் பரவாயில்லை, சூலகம்தான் சிக்கல். அங்கே சூலகம் என்றால் பெண் பகுதி முழுக்க, கீழேயிருக்கிற மணிக்குச் சூற்பை என்று பெயர். இங்கே அந்த மணிக்கே சூலகம். இங்கிலிஷ் மீடியத்தில் படிக்கிற இருவருக்கு பெட்டல், செபல், ஸ்டேமன். சுவரில் ஒரு மட்டையில் மூன்று நிரலாக எழுதி ஒட்டிவிட்டு, பரீட்சையில் உங்கட புத்தகத்தில் இருக்கிறதை எழுதுங்கோ என்று சொல்லிவிட்டேன். எந்தப் பெயர் சரி என்ற விவாதத்துக்குள் போகாதீர்கள், ஒரு சனிக்கிழமை முழுக்க அதற்கே சரி.

அலரிப் பூவை மட்டும் மேசைக்குக் கொண்டுவராதீர்கள், சிவப்பு அலரியோ மஞ்சள் அலரியோ, செடி முழுக்க நஞ்சு. ஊமத்தையும் அப்படித்தான். கைக்கெட்டும் தூரத்தில் பூக்கிறது, வடிவாக இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகள் பிடுங்கி வருவார்கள், முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

விதைக்கு என்று இரண்டு செடியில் காயைப் பிடுங்காமல் விட்டோம். சமைக்கிற ஆளுக்கு இது லேசான காரியமில்லை, கண்ணுக்கு முன்னால் காய் முற்றி நாராகிப் போவதைப் பார்த்துக்கொண்டு கடையில் வெண்டிக்காய் வாங்கினேன். ஐந்து கிழமைக்குப் பிறகு காய்கள் மரநிறமாகி, மூலைகளில் வெடித்து, ஆட்டினால் கிலுகிலுத்தன. உள்ளே எத்தனை என்று ஆளுக்கு ஆள் ஊகம் சொன்னார்கள், பத்து, இருபது, நூறு. எண்ணினால் 58. ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தமணி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று நான் சொன்னதும், சின்னவள் ஒரு கோணல் காயை எடுத்துவந்து, "இதுக்குப் போய்ச் சேரேல்லையோ?" என்றாள். திறந்து பார்த்தோம், வளைந்த பக்கத்தில் விதை குறைவுதான். பூச்சி குத்தினாலும் காய் கோணும், ஆகவே அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை.

விதைகளைக் கடதாசி உறைகளில் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். கச்சான் பையன் தன் பங்கைப் பச்சை விதையா வறுத்ததா என்று மணந்து பார்த்துவிட்டு வாங்கினான்.

போன கிழமை மகளின் கொப்பியைத் திரும்பத் திறந்து பார்த்தேன். வாழ்க்கை வட்டத்தில் காய் இருந்த இடத்தை அழிறப்பரால் கடதாசி தேயத் தேய அழித்து, அந்த இடத்தில் சாய்வாக வெட்டிய ஒரு தடியை வரைந்து வைத்திருக்கிறாள். கீழே, 'செவ்வரத்தைக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில். டீச்சர் இன்னும் காணவில்லை.